இணைப்பு என்னும் முதற்பாடம்: தரவுத்தளக் கைந்நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கலை இலக்கிய ஆக்கங்களை மாத்திரமே விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பாடநூல்களும் கைந்நூல்களும் பயன்படுத்தப்படுவன, விமர்சிக்கப்படுவன அல்ல என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆயினும் நமது இலக்கண மரபு அவ்வாறு கருதியதில்லை. நன்னூற் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கும்போது, கற்பிக்கும் நூலையே அது கருத்திற் கொண்டுள்ளது. குன்றக்கூறல், மயங்கவைத்தல் என்பன குற்றங்களின் வரிசையில் வருகின்றன. முறையின் வைப்பு அழகுகளுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. அறிவியற் கைந்நூல் ஒன்றினை இவ்வளவுகோல்களைக் கொண்டு மதிப்பிடுவது மரபுக்குப் புறம்பான செயலாகாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அத்தகைய கைந்நூல்களில் இடம்பெறும் ஒரேயொரு பாடத்தை. செய்நிரலாக்கம் பயிலத் தொடங்கியோர், தாம் எழுதும் செய்நிரலைத் தொடர்புநிலைத் தரவுத்தளம் ஒன்றுடன் இணைப்பது எவ்வாறு என்பதைக் கற்பிக்கும் பாடமே அது. ஜாவா, பைதன், பி.எச்.பி. என மொழி வேறுபடினும் பாடத்தின் அமைப்புப் பெரும்பாலும் வேறுபடுவதில்லை. முதலில் இயக்கி மென்பொருள் நிறுவப்படும். அடுத்துச் சேவையகத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுத்து இணைப்புத் திறக்கப்படும். பின்னர் எஸ்.கியூ.எல். கட்டளையொன்று எழுத்துச் சரமாக ஆக்கப்பட்டு அனுப்பப்படும். திரும்பிவரும் நிரைகள் ஒரு சுற்றுக்குள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டுத் திரையிற் காட்டப்படும். ஈற்றில் இணைப்பு மூடப்படும். மாணவர் பெயர்கள் திரையில் வரிசையாகத் தோன்றியதும் பாடம் வெற்றியுடன் நிறைவெய்தியதாகக் கொள்ளப்படும்.

இப்பாடத்திற் பொய் எதுவும் இல்லை. கூறப்பட்ட ஐந்து படிகளும் உண்மையானவை. பின்பற்றினாற் பயன் தருபவை. அவ்வாறாயின் குறை எங்கே உள்ளது? எது முதலில் வைக்கப்படுகின்றது, எது பிற்பட்ட அத்தியாயங்களுக்கு ஒத்திவைக்கப்படுகின்றது என்பதிலேயே உள்ளது. பெறுமானங்களைக் கட்டளையினின்றும் பிரித்து அனுப்புதல், பல கட்டளைகளை ஒரே பரிமாற்றமாகப் பிணைத்தல், நிரை நிரையாகச் சிந்திப்பதை விடுத்துத் தொடையாகச் சிந்தித்தல் ஆகியன 'உயர்நிலை' விடயங்கள் எனப் பின்தள்ளப்படுகின்றன. இவையே இணைப்பு என்னும் கருத்தின் உள்ளடக்கம் என்பதும், இவற்றை நீக்கியபின் எஞ்சுவது குழாய் பொருத்தும் வேலை மாத்திரமே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

2

இவ்வாதத்தை விளங்கிக்கொள்வதற்கு வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியம். ஒரு செய்நிரல் தரவுத்தளத்துடன் பேசும்போது இரு மொழிகள் சந்திக்கின்றன. அவை ஒரே சிந்தனை மரபிற் பிறந்தவை அல்ல.

1960களில் தரவுத்தளம் என்பது ஒரு பதிவிலிருந்து மற்றொரு பதிவுக்குச் செல்லும் பாதைகளின் வலைப்பின்னலாகவே கருதப்பட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அத்தகைய அமைப்பொன்றினை உருவாக்கிய சாள்ஸ் பாக்மன் 1973ஆம் ஆண்டு டியூரிங் விருதினைப் பெற்றார். அப்போது அவர் நிகழ்த்திய உரையின் தலைப்பு செய்நிரலாளரைக் கடலோடும் மாலுமியாக உருவகித்தது. எந்தப் பதிவிற் புறப்பட்டு எந்தச் சுட்டியைப் பற்றி எங்கே செல்வது என்பதைச் செய்நிரலாளர் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அந்நோக்கின் சாரம்.

இதற்கு மாறான கருத்து 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட், பெருமளவிற் பகிரப்படும் தரவு வங்கிகளுக்கான தொடர்புநிலை மாதிரியை அவ்வாண்டில் முன்வைத்தார். தரவு இயந்திரத்தினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியவேண்டிய சுமையிலிருந்து பயனரைக் காக்கவேண்டும் என்பதே அவரது தொடக்க நிலைப்பாடு. கணிதத்திலே தொடைகளுக்கிடையேயுள்ள 'தொடர்பு' என்னும் எண்ணக்கருவை அவர் தரவுக்கு அடித்தளமாக்கினார். அட்டவணை என நாம் இன்று வழங்குவது அத்தொடர்பின் எழுத்துருவமே. 1974இல் பாக்மனும் கொட்டும் தத்தம் நிலைப்பாடுகளை முன்வைத்துப் பகிரங்கமாக விவாதித்தனர். அதே ஆண்டில் டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும், எஸ்.கியூ.எல். மொழியின் முன்னோடியான சீக்குவலை வெளியிட்டனர். எதைப் பெறவேண்டும் என்பதைக் கூறுவது, எவ்வாறு பெறுவது என்பதை அமைப்பிடமே விட்டுவிடுவது என்பது அம்மொழியின் இயல்பு.

ஆனால் செய்நிரல் மொழிகளோ மாலுமியின் மரபிலேயே நின்றன. ஒரு நேரத்தில் ஒரு பொருளைக் கையாள்வதும், சுற்றினுள் அடுத்தடுத்துச் செல்வதும் அவற்றின் பழக்கம். ஆகவே, தொடையை முழுமையாகத் திருப்பித்தரும் மொழிக்கும், ஒவ்வொன்றாக எடுத்துண்ணும் மொழிக்கும் இடையே ஒரு சமரசம் தேவைப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டம் பி.எல்.-1, கோபோல் ஆகிய மொழிகளினுள் எஸ்.கியூ.எல். வாக்கியங்களைப் பதித்தெழுதும் முறையை உருவாக்கியபோது, விடையாக வந்த தொடையின்மீது ஒரு நிரையில் விரல் வைத்து நகரும் 'கர்சர்' என்னும் கருவி அச்சமரசமாக அமைந்தது. இன்றைய முதற்பாடத்தில் மாணவர் எழுதும் சுற்று அச்சமரசத்தின் வழித்தோன்றலே. அது ஒரு சமரசம் என்ற செய்தியைப் பாடம் கூறுவதில்லை. தரவுத்தளத்தின் இயல்பே நிரை நிரையாக வருதல் என மாணவர் எண்ணிக்கொள்கின்றனர்.

பதித்தெழுதும் அம்முறையில் மனங்கொள்ளத்தக்க வேறொரு பண்பும் இருந்தது. பொதுவான வழக்கிலே கட்டளை வாக்கியம் செய்நிரலின் மூலத்திலேயே நிலையாக எழுதப்பட்டிருக்கும். மாறும் பெறுமானங்கள் மாத்திரம் மாறிகளின் பெயர்களால் தனியே குறிக்கப்படும். கட்டளை வேறு, பெறுமானம் வேறு என்ற எல்லை எழுத்திலேயே புலப்பட்டது. பின்னர், எந்தத் தரவுத்தளத்துடனும் ஓடுநிலையிற் பேசக்கூடிய பொது இடைமுகங்கள் தோன்றின. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஓ.டி.பி.சி. 1992இலும், ஜாவாவின் ஜே.டி.பி.சி. 1997இலும் வந்தன. பைதன் மொழிக்கான இடைமுக வரையறையின் இரண்டாம் பதிப்பு 1999இல் வெளியாயிற்று. இவற்றிலே கட்டளை என்பது செய்நிரல் ஓடும்போது கையளிக்கப்படும் ஓர் எழுத்துச் சரம். இம்மாற்றம் பெரும் நெகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் முன்னர் எழுத்திலேயே புலப்பட்ட எல்லை இப்போது செய்நிரலாளரின் விழிப்பை நம்பியிருக்கும் நிலை தோன்றியது. இவ்விழிப்பைத் தருவதே முதற்பாடத்தின் தலையாய கடமையாக இருந்திருத்தல் வேண்டும்.

3

அக்கடமையைப் பாடம் எவ்வாறு நிறைவேற்றுகின்றது? ஒரு மாணவரின் பெயரைத் தட்டச்சிற் பெற்று அவரது விபரத்தைத் தேடும் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணையில் இப்பெயர் கொண்ட நிரைகளைத் தருக என்ற கட்டளையின் முற்பகுதி ஒரு சரம். பயனர் தட்டிய பெயர் இன்னொரு சரம். இரண்டையும் கூட்டற்குறியால் ஒட்டி, பெயரின் இருபுறமும் மேற்கோட்குறி இட்டு, ஒரே சரமாக அனுப்புமாறு பாடம் காட்டும். உதாரணப் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் விடை சரியாகவே வரும்.

உரோம எழுத்தில் எழுதப்படும் ஓ பிரையன் என்ற அயர்லாந்துப் பெயரில் ஓகாரத்தை அடுத்து ஒற்றை மேற்கோட்குறி ஒன்று வருவதுண்டு. அப்பெயரைத் தட்டியதும் கட்டளை இடையில் முறிகின்றது. பெயருக்குள் இருந்த குறியைத் தரவுத்தளம் பெயரின் முடிவாகக் கொள்கின்றது. எஞ்சிய எழுத்துகளைக் கட்டளையின் பகுதியாக வாசிக்க முயன்று தவறு எனத் திருப்பி அனுப்புகின்றது. இவ்விபத்திலேயே முழு ஆபத்தும் அடங்கியுள்ளது. பயனரின் சொல் கட்டளையாகிவிட்டது. பெயருக்குப் பதிலாக, மேற்கோளை மூடிவிட்டு 'அல்லது ஒன்று ஒன்றுக்குச் சமன்' என்ற பொருள்படும் தொடரை ஒருவர் வேண்டுமென்றே தட்டுவாராயின், நிபந்தனை எல்லா நிரைகளுக்கும் மெய்யாகி, அட்டவணை முழுவதும் அவர் கையிற் சேரும்.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. இவ்வுட்புகுத்தல் முறையினை ஜெஃப் பொரிஸ்ரல் 1998ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஃபிராக்' சஞ்சிகையின் 54ஆம் இதழில், புனைபெயரில் எழுதி விபரித்தார். பதினேழு ஆண்டுகள் கழிந்தபின், 2015 ஒக்டோபரில், பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனமாகிய டோக்டோக் அதே முறையினாலேயே தாக்கப்பட்டது. 156,959 வாடிக்கையாளரின் சொந்த விபரங்கள் பறிபோயின; அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விபரங்களும் அவற்றுள் அடங்கின. அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் பணிமனை 2016 ஒக்டோபரில் 400,000 பவுண் தண்டம் விதித்தது. பெயர், முகவரி, பிறந்த திகதி என அட்டவணையின் நிரல்களாக நாம் எளிதாகக் கூறுவன உண்மையான மனிதரின் வாழ்க்கை விபரங்கள் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பரிகாரம் கடினமானதா? பெறுமானம் வரவேண்டிய இடத்தில் ஓர் இடக்குறியை மாத்திரம் வைத்துக் கட்டளையை எழுதி, பெறுமானத்தைத் தனியே கையளித்தால் போதும். தரவுத்தளம் அப்பெறுமானத்தை எக்காலத்தும் கட்டளையாக வாசிப்பதில்லை. ஜே.டி.பி.சி.யின் முதற்பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது. எனினும் பெருந்தொகையான ஜாவாக் கைந்நூல்கள் 'ஸ்ரேற்மென்ற்' என்னும் சாதாரண வகையை முதலிற் கற்பித்து, 'பிரிப்பயர்ட் ஸ்ரேற்மென்ற்' என்னும் இடக்குறி வகையைப் பின்னர், பலவேளைகளில் வேகத்தைக் கூட்டும் உத்தி என்ற பெயரில், அறிமுகம் செய்கின்றன. முறையின் வைப்புப் பிழைத்தமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. முதலிற் கற்றது இயல்பென்றும், பின்னர்க் கற்றது அலங்காரமென்றும் கொள்வது மாணவ மனத்தின் தன்மை.

பைதன் மொழியில் நிலைமை வேறொரு வகையில் மயக்கம் தருவது. அதன் இடைமுக வரையறை ஐந்து வகையான இடக்குறிகளை அனுமதிக்கின்றது. அவற்றுள் ஒன்று நூற்றுவீதக் குறியும் எஸ் என்ற எழுத்தும் சேர்ந்தது. மைசீக்குவல், போஸ்ற்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்களுக்கான புகழ்பெற்ற இயக்கிகள் இதனையே ஏற்றுக்கொண்டன. அதே குறியைப் பைதன் மொழி தனது சொந்தச் சரங்களில் வார்த்தைகளைச் செருகுவதற்கும் பயன்படுத்துகின்றது. இதனால், பாதுகாப்பான வரிக்கும் ஆபத்தான வரிக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரேயொரு குறியாகச் சுருங்கிவிடுகின்றது. கட்டளைக்கும் பெறுமானத்துக்கும் இடையே காற்புள்ளி நின்றால் அவை பிரிந்து செல்கின்றன; நூற்றுவீதக் குறி நின்றால் ஒட்டிச் செல்கின்றன. இரண்டுமே உதாரணப் பெயருக்கு ஒரே விடையைத் தரும். இங்கே எச்சரிக்கை கூறாது கடந்துசெல்லும் பாடம், நன்னூலார் மொழியில், மயங்கவைத்தல் என்னும் குற்றத்துக்கு ஆளாகின்றது.

4

இரண்டாவது குறை பரிமாற்றம் பற்றியது. நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் கொடுக்கப்படும்போது, கையிருப்புத் தொகையில் ஒன்றைக் குறைத்தல், இரவற் பதிவேட்டில் ஒரு நிரையைச் சேர்த்தல் என இரு கட்டளைகள் தேவைப்படலாம். முதலாவது நிறைவேறி, இரண்டாவதுக்கு முன்னர் மின்சாரம் துண்டிக்கப்படின் புத்தகம் நூலகத்திலும் இல்லை, இரவல் பெற்றவரிடமும் இல்லை என்ற நிலை ஏட்டிலே பதிவாகிவிடும். இரண்டும் நிறைவேறவேண்டும், அல்லது இரண்டும் நிகழாதது போல மீளவேண்டும். இவ்வுறுதியைத் தருவது பரிமாற்றம். இத்துறையில் ஆற்றிய பணிக்காக ஜிம் கிரே 1998ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருதினைப் பெற்றார்.

முதற்பாடம் இதனைப் பேசாது விடுவதால், மாணவர் தம்மை அறியாமலே ஏதோவொரு கொள்கையைப் பின்பற்றுபவராகின்றனர். ஜே.டி.பி.சி.யில் திறக்கப்படும் இணைப்பு, இயல்பு நிலையில், ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேறியவுடனே நிலைப்படுத்திவிடும். பைதனின் வரையறையோ தன்னியக்க நிலைப்படுத்தல் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்கின்றது. நிலைப்படுத்தாமல் இணைப்பை மூடினால் மாற்றங்கள் கைவிடப்படும். ஒரே பாடத்தை இரு மொழிகளிற் பயின்ற இருவரின் அனுபவத்தை ஒப்பிட்டு நோக்குக. ஜாவா பயின்றவரின் நூலகம் பாதியில் முறிந்த பரிமாற்றங்களைப் பேசாமற் சேமித்துக்கொள்ளும். பைதன் பயின்றவர், தாம் சேர்த்த நிரை மறுநாள் காணாமற் போனமை கண்டு திகைப்பார். முன்னவரின் பிழை வெளித்தெரியாதது ஆதலால் மேலும் கொடியது. இருவருக்கும் கூறவேண்டியிருந்த உண்மை ஒன்றே: இணைப்பு என்பது செய்தி செல்லும் பாதை மட்டும் அன்று, எது நிகழ்ந்தது என்பது குறித்து இரு தரப்பினரும் செய்துகொள்ளும் உடன்பாடும் ஆகும்.

இவ்விடத்திற் கடவுச்சொல் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். எல்லா அதிகாரமும் கொண்ட 'ரூற்' என்னும் பயனராக, வெற்றுக் கடவுச்சொல்லுடன், செய்நிரலின் உடலிலேயே எழுதி இணைப்பைத் திறக்கும் உதாரணம் பல கைந்நூல்களிற் காணப்படுவது. வாசிப்பதற்கு மாத்திரம் உரிமை பெற்ற ஒரு பயனரை உருவாக்கிக் காட்டுவதற்கு மேலதிகமாக இரு வரிகள் போதும். அவ்விரு வரிகளின் இன்மை ஒரு மனப்பாங்கினைப் பயிற்றுகின்றது.

5

மூன்றாவது குறை சிந்தனை முறை சார்ந்தது. மாணவர் அட்டவணையை ஒரு சுற்றில் வாசிக்கக் கற்ற ஒருவரிடம், ஒவ்வொரு மாணவரும் இரவல் பெற்ற புத்தகங்களையும் காட்டுமாறு கேட்டால் அவர் என்ன செய்வார்? சுற்றினுள்ளே ஒவ்வொரு மாணவருக்கும் மீண்டும் ஒரு வினவலை அனுப்புவார். இருநூறு மாணவர் இருப்பின் இருநூற்றொரு தடவை செய்நிரல் தரவுத்தளத்திடம் சென்று மீளும். இரு அட்டவணைகளையும் பொதுவான திறவுகோலின் வழியே சேர்க்கும் ஒரே வினவல் அவ்வேலையை ஒரே பயணத்தில் முடித்திருக்கும். அவர் சோம்பேறி அல்லர்; கொட் கொடுத்த கருவியைப் பாக்மனின் மாலுமியாக நின்று பயன்படுத்துகின்றார். முதற்பாடம் அவருக்குக் காட்டிய உலகில் வேறு வழி இல்லை.

இரு மொழிகளுக்கிடையேயான இப்பொருந்தாமை ஆய்வாளரால் 1980கள் முதலே பெயரிட்டு ஆராயப்பட்டு வந்துள்ளது. அதனை மறைப்பதற்கென எழுந்தவையே நிரைகளைச் செய்நிரலின் பொருள்களாக மாற்றித்தரும் இடைநிலைக் கருவிகள். ஜாவா உலகில் 2001இல் தோன்றிய ஹைபர்னேற் இவற்றுள் புகழ்பெற்றது. இவற்றின் பணியை ஒரேயடியாக மறுத்துரைப்பது நேர்மையாகாது. பெறுமானங்களை இடக்குறி மூலம் அனுப்புவதை இவை இயல்பாக்கியுள்ளன. உட்புகுத்தல் ஆபத்து பெரிதும் குறைந்தமைக்கு இவையும் காரணம். ஆயினும், முன்கூறிய இருநூற்றொரு பயணங்களை ஓர் எளிய வரியின் பின்னே கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்த்திவிடும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. தொடைச் சிந்தனையை அறிந்தவருக்கு இக்கருவி உழைப்பை மிச்சப்படுத்துகின்றது. அறியாதவருக்கு அறியாமையை நீடிக்கச் செய்கின்றது.

6

மேற்கூறியவை எம்மொழியிற் கற்பவருக்கும் பொருந்துவன. தமிழிற் கற்பவருக்கென்றே எழும் பிரச்சினை ஒன்று உள்ளது. இணைப்பின் இருமுனைகளிலும் எழுத்துகள் ஒரே குறியீட்டு முறையில் வாசிக்கப்படுதல் வேண்டும். மைசீக்குவல் தரவுத்தளத்தின் இயல்பான எழுத்துத்தொகுதி, 2018இல் எட்டாம் பதிப்பு வரும் வரை, மேற்கைரோப்பிய மொழிகளுக்கான இலத்தீன் தொகுதியாகவே இருந்தது. அட்டவணையில் தமிழ் சரியாகச் சேமிக்கப்பட்டிருப்பினும், இணைப்பு இலத்தீன் தொகுதியிற் பேசினால், திரும்பி வருவது கேள்விக்குறிகளின் வரிசை. ஆங்கிலப் பெயர்களை மாத்திரம் உதாரணமாகக் கொண்ட பாடத்தில் இது ஒருபோதும் நிகழாது. ஆகவே பாடம் இதனைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி அதில் ஆறு எழுத்துகள். யூனிக்கோட் முறையில் அது பதினொரு குறியீடுகள், யூ.ரி.எஃப்.-8 வடிவில் முப்பத்துமூன்று பைற்றுகள். நிரலொன்றின் நீளத்தை வரையறுக்கும்போது எழுத்து என்பதனால் எது கருதப்படுகின்றது என்ற வினா ஆங்கில மாணவருக்கு எழாதது, நமக்கு முதல் நாளிலேயே எழுவது. மைசீக்குவல் 'யூ.ரி.எஃப்.-8' என வழங்கிய தொகுதி உண்மையில் ஓரெழுத்துக்கு மூன்று பைற்றுகளையே ஏற்றது. முழுமையான தொகுதி 2010இலேயே வேறு பெயரிற் சேர்க்கப்பட்டது. வழக்கமான தமிழ் எழுத்துகள் மூன்று பைற்றுகளுக்குள் அடங்கியமையால் இக்குறை நம் கண்ணிற் படவில்லை. ஆனால் பழந்தமிழ்ப் பின்ன எண்களுக்கும் அளவைக் குறிகளுக்குமென 2019இல் யூனிக்கோட் பன்னிரண்டாம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட தமிழ்த் துணைத்தொகுதி நான்கு பைற்றுகளை வேண்டுவது. பழைய ஏடுகளையும் கணக்கு ஓலைகளையும் தரவுத்தளத்தில் ஏற்ற முனையும் ஆய்வாளர் இவ்விடத்தில் இடறக்கூடும்.

உதாரண அட்டவணைகளும் பண்பாட்டு நடுநிலை கொண்டவை அல்ல. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு நிரல்களை வகுத்து, இரண்டையும் வெறுமையாக விடலாகாது என விதிக்கும் அட்டவணை, தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு வழங்கும் தமிழரைத் தம் தந்தையின் பெயரைக் குடும்பப்பெயராகப் பதியுமாறு நிர்ப்பந்திக்கின்றது. தரவை மாதிரிப்படுத்துதல் என்பது உலகைப் பற்றிய கூற்று என்பதை உணர்த்த இதனினும் சிறந்த வகுப்பறை உதாரணம் அரிது. இலங்கைப் பாடசாலைகளிலே தகவல் தொழினுட்பம் தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்பட்டு வரும் இக்காலத்தில், கைந்நூல் எழுதுவோர் ஆங்கிலப் பாடத்தின் வரிசையை அப்படியே பெயர்த்துத் தருவாராயின், அப்பாடத்தின் குறைகளையும் அது காணத்தவறியவற்றையும் ஒருங்கே இறக்குமதி செய்தவராவர்.

7

தொடக்கநிலை மாணவருக்கு எளிமை வேண்டும், இவற்றையெல்லாம் முதல் நாளிலேயே திணிக்கலாகாது என்ற ஆட்சேபம் எழக்கூடும். இது மதிக்கத்தக்க ஆட்சேபமே. கற்பித்தலில் ஒத்திவைத்தல் தவிர்க்கவொண்ணாதது. ஆயினும் ஒத்திவைத்தல் வேறு, பின்னர் மறக்கச் செய்யவேண்டிய பழக்கத்தை முதலிற் பயிற்றுதல் வேறு. கர்சரின் வகைகள், இணைப்புகளைத் தேக்கிவைத்து மீளப் பயன்படுத்தும் முறை, பரிமாற்றங்களின் தனிமை நிலைகள் ஆகியவற்றைத் தாராளமாக ஒத்திவைக்கலாம். அவற்றை அறியாமையால் முதல் நாட் செய்நிரல் தீங்கிழைப்பதில்லை. இடக்குறியை ஒத்திவைக்க முடியாது. அதனைப் பயன்படுத்தும் வரி, மேற்கோட்குறிகளையும் கூட்டற்குறிகளையும் கோத்தெழுதும் வரியைவிட நீண்டது அன்று. பெரும்பாலும் குறுகியது, வாசிக்கவும் தெளிவானது. எளிமையின் பெயரால் நியாயப்படுத்தப்படும் வழி உண்மையில் எளிய வழியே அன்று.

அவ்வாறாயின் முதற்பாடம் எவ்வாறு அமையலாம்? குறைந்த உரிமை கொண்ட பயனராக, எழுத்துத்தொகுதியைக் குறிப்பிட்டு, இணைப்பைத் திறத்தல் முதற்படி. இடக்குறியுடன் கூடிய ஒரு வினவலை அனுப்பி, மேற்கோட்குறி கொண்ட ஒரு பெயரையும் தமிழிலுள்ள ஒரு பெயரையும் வேண்டுமென்றே தேடிப் பார்த்தல் இரண்டாம் படி. இரு கட்டளைகளை ஒரு பரிமாற்றமாகப் பிணைத்து, இடையில் ஒரு தவறினை நாமே உண்டாக்கி, தரவு முன்னிருந்த நிலைக்கு மீள்வதைக் கண்ணாற் காணுதல் மூன்றாம் படி. இரு அட்டவணைகளை ஒரே வினவலிற் சேர்த்துப் பெறுதல் நான்காம் படி. இதற்குப் பழைய பாடத்தைவிட அரைமணி நேரம் கூடுதலாகச் செல்லக்கூடும்.

பி.எச்.பி. மொழியின் வரலாறு இவ்விடத்தில் ஒரு படிப்பினையாக அமைகின்றது. இடக்குறி வசதியற்ற பழைய மைசீக்குவல் இணைப்புச் சார்புகள் 2013இல் வழக்கொழிந்தனவாக அறிவிக்கப்பட்டு, 2015இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டன. மொழியினின்று ஒரு சார்பினை ஒரு பதிப்பில் நீக்கிவிடலாம். அதனை முதற்பாடமாகப் பயின்ற கைகளிலிருந்து அவ்வாறு நீக்குவதற்கு வழியில்லை. பெயர்த்தெழுத முனையும் தமிழ் ஆசிரியர் மேசையிலே ஆங்கில மூலம் திறந்திருக்கையில், முதலிற் கேட்கவேண்டிய வினா எச்சொல்லை எச்சொல்லாற் பெயர்ப்பது என்பதன்று. இப்பாடம் எதனை முதலில் வைத்துள்ளது, ஏன் என்பதே அவ்வினா.